நாற்காலி முதுகில் ஒல்லி எழுத்து

போன வாரம் என் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டாள். ஏனாத்தூர் கல்லூரிப் பக்கம் யாரோ புதிதாகக் காபிக் கடை திறக்கிறார்களாம். அதற்குப் பெயர்ப் பலகை எழுத்துத் தேர்ந்தெடுக்கும் வேலை இவளுக்கு. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். "ரெண்டு நிமிஷம் பாரும்மா, எப்பிடி இருக்குது?" என்று திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உயரமாக, ஒல்லியாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிற எழுத்துகள். ஒவ்வொன்றும் அங்கங்கே அறுபட்டிருந்தது.

"இன்னாத்துக்குடி எழுத்தெல்லாம் ஒடைஞ்சி இருக்குது?"

"அதாம்மா ஸ்டைலு. ஸ்டென்சில் ஃபான்ட். ஃபேக்டரி லுக் குடுக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் வெங்காயத் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக நான் நின்றதில் அவளுக்குக் கோபம். "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்று திரையை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கா தெரியாது? அந்த அறுப்பை என் கையால் அறுத்தவள் நான்.

உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். அட்டையிலோ தகட்டிலோ எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகப் பெயின்ட் ஒற்றுவதுதான் ஸ்டென்சில். 'ம' மாதிரி வயிறு மூடிய எழுத்து வந்தால், சுற்றிலும் வெட்டியதும் வயிற்றுத் துண்டு தொப்பென்று கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க அங்கங்கே கொஞ்சம் வெட்டாமல் விட வேண்டும். நான் அதைப் பாலம் என்பேன். லாரி முதுகு, கரண்டுக் கம்பத்து நம்பர், கோணிமூட்டை என்று எங்கே பார்த்தாலும் எழுத்து அறுபட்டிருப்பது இதனால்தான். கணினித் திரையில் எதுவும் கழன்று விழப் போவதில்லை, ஆனாலும் பாலம் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். அழகாகத்தான் இருக்கிறது.

அன்று முழுக்க எனக்குப் பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் ஒரு சொட்டு டர்பன்டைன் கிடையாது. வயதானாலும் மூக்குக்கு மறதி வராது போலிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் அட்டை குத்தும் கடையில் வேலை. பட்டுப்புடவைக் கரையில் மயிலோ யாளியோ வர வேண்டும் என்றால், எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு அதைச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள். கட்டம் போட்ட தாளைப் பார்த்து அந்த ஓட்டைகளைக் குத்துவது நான். ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கண் போய்விடும். நான் நிறைய மயில்களைக் குருடாக்கியிருக்கிறேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். தப்பாகக் குத்தின அட்டைகளை மூலையில் எறிந்துவிடுவோம். நல்ல கெட்டி அட்டை. எறிய எனக்கு மனசு வராது. அவற்றில் எழுத்து வெட்டி, அட்டைக் கட்டுகளுக்கு டிசைன் பெயர் ஒற்றி வைப்பேன். பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தது அப்படியே கைவந்த வேலையாகிவிட்டது.

எங்கள் வீடு பாலாற்றங்கரையில், ஓரிக்கைப் பக்கம் காலனியில். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. அப்பா லாரி ஓட்டினார், அண்ணன் மின்சார வேலை கற்றுக்கொண்டான், நான் தினமும் சைக்கிளில் பிள்ளையார்பாளையம் வந்து அட்டை குத்தினேன். நான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்பது முதலாளிக்குத் தெரியும். மற்றவர்கள் கேட்டதில்லை, நானும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் கடை வாசலில் ஒரு குரல். கோயில் ஒலிபெருக்கியை யாரோ தெருவில் இறக்கி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நெட்டையாக ஒரு அம்மாள் நின்றிருந்தார். அம்சவேணி அக்கா. சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜர் கோயிலுக்குப் போகிற வழியில் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எல்லாவற்றுக்கும் பாத்திரமும் நாற்காலியும் அங்கிருந்துதான் போகும். கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முந்நூறு மடக்கு இரும்பு நாற்காலிகளுக்குப் புதிதாகப் பச்சை அடித்து வைத்திருக்கிறார், முதுகில் கடைப் பெயர் எழுத வேண்டும். பெயர் இல்லாவிட்டால் ஒரு விசேஷத்தில் இரண்டு கடைச் சாமான் கலந்துவிட்டால் எது யாருடையது என்று சண்டை வரும். போர்டு எழுதுகிறவர் திருவிழா வேலையில் மாட்டிக்கொண்டு கையை விரித்துவிட்டாராம்.

"அட்டையில எழுத்து வெட்ற பொண்ணு நீதானா? இந்தா, இதான் பேரு" என்று தாளை நீட்டினார்.

'அம்சவேணி பந்தல் பாத்திரம் வாடகை நிலையம், சின்ன காஞ்சிபுரம்.' எனக்குத் தலை சுற்றியது. நாற்காலி முதுகுத் தகடு ஒன்றரைச் சாண் நீளம், நாலு விரல் அகலம். "சுருக்கிக்கலாமேக்கா, அ.வே.ன்னு போட்டுக்கலாம்" என்றேன்.

"எம்பேர நான் எதுக்குமா சுருக்கணும்? இத்தினி நாளு மாமனார் பேரு, அப்பறம் புருஷன் பேரு. இப்பத்தான் எம்முற வந்துகீது. நீ எழுத்த சுருக்கு."

சுருக்கினேன். நம் எழுத்துகள் லேசில் ஒடுங்காது, தெரியுமா? 'ணி' ஒன்று போதும், பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் கால் பரப்பி உட்கார்கிற ஆள் மாதிரி இடத்தை அடைத்துக்கொள்ளும். அதை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுக்கவைத்து, உயரமாக ஆக்கினேன். முதல் அட்டையில் 'ம'வுக்குப் பாலம் விட மறந்து, அதன் வயிறு என் மடியில் வந்து விழுந்தது. இரண்டாவது அட்டை வளைந்துபோனது. மூன்றாவதுதான் தேறியது. அதுவும் எதில் வெட்டினேன்? ஒரு மயில் டிசைனில் நானே தப்பாகக் குத்தி எறிந்த அட்டையில். எழுத்துக்குக் கீழே ஏழு ஓட்டைகள் மிச்சமிருந்தன, ஒவ்வொன்றும் மிளகு அளவு. பின்பக்கம் காகிதத்தை மைதாப் பசையில் ஒட்டி அடைத்துவிட்டேன். அட்டை குத்துகிறவளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

அமாவாசைக்குத் தறி ஓடாது, எங்களுக்கும் அன்று விடுமுறை. அன்று அக்காவின் குடோனில் வேலையைத் தொடங்கினேன். அங்கே ஏகாம்பரம் என்று ஒருவர், சாமான் ஏற்றி இறக்குவது, அடுக்குவது, கணக்குச் சொல்வது எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். "தங்கச்சி, தங்கச்சி" என்று வாய் ஓயாது. ஒவ்வொரு நாற்காலியாக மடக்கிப் போட்டுக் கொடுப்பார், நான் அட்டையை வைத்து, பஞ்சுப் பந்தை வெள்ளைப் பெயின்டில் தொட்டு ஒற்றுவேன். அட்டையை எடுத்ததும் பச்சையில் வெள்ளையாக 'அம்சவேணி' என்று பளிச்சென்று நிற்கும். எனக்கே என் மேல் ஆசையாக இருக்கும். நான் எழுதின எழுத்து காஞ்சிபுரம் பூராவும் உட்காரப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் திமிர்தான். அந்த வயதுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

குடோன் மூலையில் துருப்பிடித்த நாற்காலிகள் முப்பது தனியாக அடுக்கியிருந்தன. அவற்றையும் இழுத்துப் போடப் போனேன்.

"அத்த வுடு தங்கச்சி. அதுக்குப் பேரு வாணாம்" என்றார் ஏகாம்பரம்.

"ஏன்ணா?"

"அது காலனிக்குப் போற சேரு. தனியா வச்சிகீறோம். கலந்துடக் கூடாதுன்னு அடியில செவப்பு போட்டிருக்குது பாரு."

ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். உட்காரும் தகட்டுக்கு அடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயின்ட். என் சித்தி நிச்சயதார்த்தத்துக்கு வந்த நாற்காலிகள் அவை. சின்ன வயதில் நான் அதற்கடியில் படுத்துக்கொண்டு அந்தச் சிவப்பை நகத்தால் சுரண்டி விளையாடியிருக்கிறேன். அடையாளம் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? நாற்காலி என்றால் அடியில் சிவப்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஏகாம்பரம் அதை ஒளித்துச் சொல்லவில்லை, கேவலமாகவும் சொல்லவில்லை. கரண்டி இந்த அடுக்கில், அண்டா அந்த அடுக்கில் என்று சொல்வது போலச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று என்னை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மூன்று வாரத்தில், எங்கள் காலனிச் சர்ச் வாசலில். அக்காவிடமே நூறு நாற்காலி கேட்கலாம், என் எழுத்து அண்ணன் கல்யாணத்தில் வரிசையாக நிற்கும் என்று கனவு கண்டுகொண்டிருந்தவள் நான். அட்டையை எடுத்து அடுத்த நாற்காலியில் வைத்தேன்.

முதல் நாள் நூறு நாற்காலி முடிந்தது. அடுத்தடுத்த மத்தியானங்களில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு போனேன். மனசு சரியில்லை, கை மட்டும் ஓடியது. எழுத்துக்குக் கீழே வெள்ளையாக ஏதோ தெறிப்பது தெரிந்தது. பெயின்ட் சிந்துகிறது, பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்த 'பிறகு துடைத்துக்கொள்ளலாம்' இருக்கிறதே, என் வாழ்க்கையில் பாதிச் சங்கடம் அதனால் வந்ததுதான். அட்டையை டர்பன்டைன் துணியால் துடைத்துத் துடைத்துக் காகிதம் கழன்று, ஏழு ஓட்டைகளும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. நான் கவனித்தபோது இன்னொரு நூறு நாற்காலி முடிந்திருந்தது. எல்லாவற்றிலும் 'அம்சவேணி'க்குக் கீழே மிளகு மிளகாக ஏழு வெள்ளைப் புள்ளிகள். துணியில் அழுத்தித் துடைத்தால் அடியிலிருக்கிற பச்சையும் கூடவே வந்தது.

அக்கா வந்து பார்த்தார். "இன்னாமா இது, சேருக்கு அம்மை போட்டாப்ல?" என்றார்.

நான் அழுதுவிடுவேன் போல நின்றேன். ஏகாம்பரம் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார், பாவம். "வுடுக்கா, சின்னப் பொண்ணு. இதுவும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. புள்ளி வுழுந்த நூறையும் காலனிக்குன்னு ஒதுக்கிடலாம். புள்ளி இல்லாதது ஊருக்கு. குனிஞ்சி அடியில பாத்துக்கினு இருக்க வாணாம், தூரத்துல இருந்தே தெரியும்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னார். நான் போட்ட ஓட்டை, நான் ஒட்டின பசை, நான் ஒற்றின பெயின்ட். இனிமேல் எங்கள் காலனியில் யார் வீட்டு விசேஷமானாலும், எங்கள் முதுகுக்குப் பின்னால் என் கையால் வைத்த புள்ளி இருக்கும். மூன்று வாரத்தில் என் அண்ணன் மாலையும் கழுத்துமாக அதில் உட்காருவான். சிவப்பாவது அடியில் இருந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அக்கா, எங்க அண்ணனுக்குக் கல்யாணம். ஓரிக்கைப் பக்கம், எங்க காலனியில. நூறு சேரு வேணும்" என்றேன்.

ஏகாம்பரம் கையில் டீ கிளாஸ் இருந்தது. நாலு நாளாக ஒரே தூக்குவாளியிலிருந்து இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கிளாஸைக் கீழே வைத்தார், வண்டி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே போனார். வண்டி எதுவும் வருவதாக இல்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் எழுதாதது எத்தினி?" என்றார்.

"நூறுக்கா."

"அட்டையில அந்த ஓட்டைய அடைக்காத. அப்பிடியே எழுது."

"புள்ளி வுழுமேக்கா."

"வுழட்டும். மொத நாளு எழுதனியே, அதுக்கும் வை. அந்த மூலையில கீற முப்பதையும் இழுத்துப் போட்டு, அடியில சுரண்டி, பச்ச அடிச்சி, அதுக்கும் பேரு எழுதி, அதுக்கும் புள்ளி வை."

"எல்லாத்துக்குமா?"

"ரெண்டு தினுசா வச்சிக்கினு அடுக்கறதுக்கு எனக்கு குடோன்ல எடமில்லமா" என்று சிடுசிடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நிஜமாகவே குடோனில் இடம் இல்லை என்றுதான் அப்படிச் செய்தாரா, இல்லை வேறு ஏதாவதா? எனக்கு இன்று வரை தெரியாது. இரண்டு மூன்று தரம் நன்றி சொல்லப் போனேன். "அண்டா எண்ணிக்கினு கீறேன், அப்பறம் வா" என்று துரத்திவிட்டார். இடம் இல்லாததுதான் காரணம் என்றாலும் எனக்குக் கவலையில்லை, அந்த இடமில்லாத குடோனுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. முதல் நாள் எழுதின நூறுக்கும் புள்ளி வைத்தேனே, அந்தக் கூத்தையும் கேளுங்கள். கஷ்டப்பட்டு வெட்டின எழுத்தையெல்லாம் காகிதம் ஒட்டி மூடிவிட்டு, அடைக்க வேண்டிய ஓட்டைகளை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஒற்றினேன். இந்தத் தடவை பசை கழலவில்லை.

அண்ணன் கல்யாணத்தன்று காலையில் வண்டி வந்தது. ஏகாம்பரம்தான் கொண்டுவந்து இறக்கினார். பச்சையில் வெள்ளையாக, நெட்டையாக, பளபளவென்று நூறு நாற்காலி. சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுத்தைப் பார்த்து, யார் எழுதியது என்று கேட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் ஒரு நாற்காலியை மடக்கி, தலைகீழாகத் தூக்கி, அடியில் பார்த்தாள். நான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு அத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தாள், இன்னொன்றையும். பிறகு அதை விரித்துப் போட்டு, முந்தானையால் ஒரு தரம் துடைத்து, உட்கார்ந்தாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது. "எழுந்து வாம்மா" என்றால் "இருடி, வரேன்" என்கிறாள்.

ஏகாம்பரத்தைச் சாப்பிடச் சொன்னோம். விரதம் என்றார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு நாற்காலி இறக்க வந்தபோது அவருக்கு விரதம் எதுவும் இல்லை, இரண்டு தரம் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனுஷன் மாறுவதற்கு அவ்வளவு நாளாவது ஆகும்தானே.

அக்காவுக்கு அது நல்ல பெயரை வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் பொய். புள்ளி வைத்த நாற்காலி எங்கெங்கே போகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. பெரிய தெருக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு நாற்காலி சொல்ல வந்தார். நான் அப்போது குடோனில் அண்டாவுக்குப் பெயர் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்சவேணி, அந்தப் பக்கம் போயிட்டு வர்ற சேர எங்களுக்கு அனுப்பிடாதமா" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"எங்கிட்ட கீறது ஒரே சேருதாங்க. எல்லா எடத்துக்கும் அதான் போவுது. வேணுமா, வாணாமா?"

அவர் போய்விட்டார். அவரோடு இன்னும் சிலரும் போனார்கள். அந்தத் தை மாசம் முழுக்க நாற்காலிகள் குடோனில் அடுக்கினபடியே கிடந்தன. ஒருநாள் அக்கா என்னைப் பிடித்துக் கத்தினார். "உன் ஓட்ட அட்டையால வந்த வென! சனியன், எந்த நேரத்துல உன்னக் கூப்ட்டனோ!" நான் அழுதேன். மறுநாள் அவரே கடைக்கு ஆள் அனுப்பி, அன்னக்கூடைக்குப் பெயர் எழுத வேண்டும், வந்து சேர் என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஜாதி இல்லை அவர். சிவப்புப் பெயின்டை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. ஒரு டப்பா சிவப்பு எடுத்திருந்தால் அவர் கஷ்டம் ஒரு மத்தியானத்தில் தீர்ந்திருக்கும்.

பிறகு கருட சேவை வந்தது. ஊரே கூடுகிற நாள், வீட்டுக்கு வீடு விருந்தாளி, எந்தக் கடையிலும் ஒரு நாற்காலி மிச்சமில்லை. பெரிய தெருக்காரர் வீட்டு வாசலில் ஏழு புள்ளி வைத்த நாற்காலிகள் நாற்பது வரிசையாக நின்றதை என் கண்ணால் பார்த்தேன். தேவை என்று வந்தால் யாருக்கும் கண் அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. ஒரு தாத்தா அதில் சாய்ந்துகொண்டு தூங்கினார். எனக்கு ஓடிப்போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

அந்த இரும்பு நாற்காலிகள் இப்போது இல்லை. துருப்பிடித்து, கால் உடைந்து, எடைக்குப் போய்விட்டன. பிளாஸ்டிக் வந்தது, அதற்கு வெள்ளைத் துணி உறை வந்தது, பின்னால் ரிப்பன் முடிச்சு வந்தது, பெயர் எழுத இடமே இல்லாமல் போயிற்று. அட்டை குத்துவதும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, மயில்களுக்கு நல்ல காலம். குடோன் இருந்த இடத்தில் செல்போன் கடை. அக்கா போய் ஆறு வருஷம் ஆகிறது. சாவுக்குப் போனேன். எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை, நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தேன். சொல்ல விடாமல் துரத்தின நன்றியை அங்கே யாரிடம் சொல்வது?

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகனுக்குக் கல்யாணம், அதே சர்ச் வாசலில். பையனே செல்போனில் வாடகைக் கடைக்குப் பேசினான். நூற்றைம்பது சேர் வேண்டும் என்றான், தேதியைச் சொன்னான். எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள் போல. காலனிப் பெயரைச் சொன்னான். எங்கள் காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோகும். அதன் பிறகுதான் 'பாத்துட்டுச் சொல்றேன்' என்று வரும். நான் கையைக் கட்டிக்கொண்டு அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவன் "ஓகேண்ணா, லொகேஷன் அனுப்பறேன்" என்று சொல்லி முடித்தும்விட்டான்.

"வேற ஒண்ணும் கேக்கலியாடா?" என்றேன்.

"வேற இன்னா அத்தே கேப்பாங்க?"

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஒண்ணுமில்லபா" என்றேன். "நூத்தம்பது பத்தாது. எரநூறா சொல்லு."